மதினி பல் கட்டிய கதை

என் மதினியிடம் மழை பெய்கிறது என்று சொன்னால், வாசலுக்கு வந்து கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் கொடியில் காயும் சேலையை எடுப்பார். அதற்குள் சேலை பாதி நனைந்திருக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது.

மதினி இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். நான் சொல்வது அவர் போடியில் எங்கள் தெருவில் இருந்த காலம். என் அண்ணன் மனைவி. குரங்கணிக்கு மேலே அண்ணன் விட்டுப்போன சின்ன ஏலத்தோட்டத்தை ஒற்றை ஆளாக நடத்தியவர். காலையில் வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் ஏறிப் போய், சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வருவார்.

"நீங்க பாத்தீகளா?" என்பதுதான் அவர் வாயில் அதிகம் புழங்கிய வார்த்தை. மேல்காட்டில் காட்டுமாடு இறங்கியிருக்கிறது என்று ஜீப்பு டிரைவர் சொன்னாலும் அதே கேள்விதான். பார்த்தேன் என்றால் எந்த வளைவில், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது, கூட இன்னொன்று இருந்ததா என்று அடுக்கிக்கொண்டே போவார். ஒருநாள் அந்த டிரைவர் பொறுக்கமாட்டாமல், "மாட்டத்தான் பாத்தேன்க்கா, ஆதார் கார்ட வாங்கிப் பாக்கல" என்றான். மதினியும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அந்த வளைவில் இறங்கிக் குளம்புத்தடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போனார்.

பல வருஷம் நின்றுபோயிருந்த ரயில் மறுபடியும் போடிக்கு வர ஆரம்பித்தபோது, ஊரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்து அதையே பேசியது. மதினி மட்டும் நம்பவில்லை. இத்தனை வருஷமா இந்தா வருது அந்தா வருதுன்னு சொன்ன ஊருதானே என்றார். கடைசியில் நான்தான் கூட்டிப்போனேன். நடைமேடையில் நின்று பெட்டியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "சரி, வந்துருச்சு" என்றார். அதற்குப் பிறகு ரயிலைப் பற்றி அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நடந்தது இதற்கெல்லாம் மேலே. பையனுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை என்றார்கள். மதினி யாரிடமும் சொல்லாமல் பஸ்சு ஏறிப்போய், அந்தக் கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். பையன் வந்ததைப் பார்த்திருக்கிறார், மதியம் சாப்பிட வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறார், சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போனான் என்று வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைக்கு இது தெரிந்துபோனது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லவேளை, அன்னைக்கு நான் லீவு போடல" என்று மட்டும் சொன்னார்.

மதினி வாழ்க்கைப்பட்டு வந்தபோது இப்படி இல்லை. யார் எதைச் சொன்னாலும் அப்படியா என்று கண்ணை விரித்துக் கேட்கிற பெண்ணாகத்தான் வந்தார். அண்ணனுக்கு ஒருநாள் காலையில் நெஞ்சை அடைத்தது. பக்கத்திலிருந்த டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, வெறும் கேஸ்தான், ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். அண்ணனும் நம்பினார், மதினியும் நம்பினார். ரசம் வைத்து, சோற்றைக் குழைத்துக் கொடுத்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் அண்ணன் போய்விட்டார். அதோடு மதினி டாக்டர் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார். காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்வார், விட்டதும் எழுந்து ஜீப்பு ஏறிவிடுவார். அந்தக் கதையைப் பற்றி யாரிடமும் பேசமாட்டார். நாங்களும் கேட்பதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு மழைக்காலத்தில் தோட்டத்தில் வழுக்கி விழுந்தார். காய் எடுக்கிற சமயம். ஈர வேரில் கால் வைத்ததும் முகம் குப்புறப் பாறையில் அடித்துவிட்டது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று அங்கேயே விழுந்துவிட்டது. பக்கத்துப் பல் ஆடிக்கொண்டிருந்து, சில நாளில் தானாகக் கையோடு வந்தது. மகள் போனில் அழுததற்காகத் தேனியில் ஒரு இடத்தில் கழற்றி மாட்டுகிற பல் செட்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அது அவருக்கு ஒத்துவரவில்லை. மதினி பேசுகிற வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை என்று சொல்லலாம். ஒருநாள் உர மூட்டை லோடை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்த டிரைவரிடம், "வெரசா எறக்குப்பா, எனக்கு வேற சோலி கெடக்கு" என்று சத்தம் போட்டிருக்கிறார். சோலி என்று சொல்லும்போது பல் வெளியே பறந்து ஜீப்பு சக்கரத்துக்கு அடியில் போய் விழுந்தது. டிரைவர் பதறி வண்டியை எடுத்தான். எடுத்ததுதான் தப்பாகிவிட்டது. நொறுங்கிப்போன பல்லை அவன் பொறுக்கி ஒரு ஏல இலையில் வைத்து நீட்ட, வேலைக்கு வந்த பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் செடிக்குள் ஒளிந்துகொண்டார்கள்.

நாங்களும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றுபோனது, ஏனென்றால் மதினி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். பேசினால் காற்று போகிறது என்று கூச்சம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒன்றிரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார். கல்யாண வீடுகளுக்கு மொய்யை மட்டும் கொடுத்தனுப்பினார். காட்டுமாட்டைப் பார்த்தேன் என்று டிரைவர் தானாக வந்து சொன்னபோதுகூட, சரி என்று தலையாட்டினாராம். அவனே என் கடைக்கு வந்து வருத்தப்பட்டான். "அக்கா என்னைய நம்பிட்டாகண்ணே, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றான்.

எலும்பில் ஸ்க்ரூ வைத்து அதன்மேல் பல்லைப் பொருத்துகிற இம்பிளான்ட் என்று ஒன்று இருக்கிறது, கழன்று விழாது என்று மகள் சொன்னாள். மதினி நாலைந்து நாள் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார். எனக்கு மார்க்கெட் பக்கம் பைப்பு, குழாய், நட்டு, போல்ட்டு விற்கிற கடை.

"ஸ்க்ரூன்னா ஒங்களுக்குத் தெரியும்ல தம்பி. கூட வாங்க" என்றார்.

இப்படித்தான் நான் பல் வைத்தியம் பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் போன இடம் பெரிய இடம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் பெரிய டிவி, அதில் வரிசைப் பல்லோடு சிரிக்கிற வெள்ளைக்காரர்கள். டாக்டர் மதினியின் வாயைப் பார்த்தது கண்மூடித் திறக்கிற நேரம்தான். இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம், இந்த வாரம் சலுகை இருக்கிறது என்றார். மதினி முந்தானையை விலக்காமல், இந்த ஸ்க்ரூ யாருக்காவது கழன்று போயிருக்கிறதா என்று கேட்டார். நூற்றுக்கு நூறு, ஒருத்தருக்குக்கூட அப்படி ஆனதில்லை என்றார் டாக்டர். மதினி எழுந்துவிட்டார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "நீங்க விக்கிற போல்ட்டுல ஒண்ணுகூடவா மரை கழண்டதில்ல?" என்று என்னைக் கேட்டார். உண்டு என்றேன். "பெறகு?" என்றார்.

அடுத்து இன்னொருவர். அவர், இரண்டு பல் மட்டும் வைத்தால் நன்றாக இருக்காது, பக்கத்தில் இருக்கிற நல்ல பற்களையும் எடுத்துவிட்டு மொத்தமாக வைத்தால்தான் வரிசையாக இருக்கும் என்றார். மதினி வாயை மூடியவர் வீட்டுக்கு வந்துதான் திறந்தார்.

அப்புறம் ரயிலேறி மதுரைக்குப் போனோம். அங்கே மரியாதையாகப் பேசினார்கள், பொறுமையாகப் பதில் சொன்னார்கள். எனக்குத் திருப்திதான். ஆனால் ஸ்க்ரூ வைக்கப்போகிறவர் அவர்கள் இல்லை, வெளியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. "புதன்கிழம வலிச்சா யாருகிட்டக் காட்டணும்?" என்று மதினி கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார்கள். திரும்பி வரும்போது ரயிலில், இருக்கிற பல்லை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் தம்பி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழியில் வாங்கிய கொய்யாப்பழம் கடிக்க முடியாமல் மடியிலேயே கிடந்தது.

அந்த வாரம்தான் என் கடைக்கு ஒரு பெண் குழாய் வாங்க வந்தார். முப்பது சொச்சம் வயது இருக்கும். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள், பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. நான் கொடுத்த குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒழுகாது என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். கடைக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் மாட்டி, திறந்து மூடிக் காட்டச் சொன்னார். காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று ஒரு சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். மெடிக்கல் ஸ்டோருக்கு மாடியில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன், அங்கே மாட்டுவதற்கு என்றார். நான் அன்றைக்கு மதியமே கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மதினி வீட்டுக்குப் போனேன்.

முதலில் வரமாட்டேன் என்றார். கடைசித் தடவை என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.

மாடியில் சின்ன அறைதான். மதினி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே தன் கேள்வியைக் கேட்டார். இந்த ஸ்க்ரூ யாருக்காவது கழன்று போயிருக்கிறதா?

"போயிருக்கு சேச்சி" என்றார் டாக்டர். "ஒரு எஸ்டேட் சூப்பர்வைசர். பீடிய நிறுத்திட்டேன்னு சொன்னாரு, நான் அப்படியே நம்பிட்டேன். நிறுத்தல. ஸ்க்ரூ பிடிக்கல, எடுக்க வேண்டி வந்தது. விசாரிக்காம வச்சது என் தப்பு."

மதினி என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போது டாக்டர் கேட்க ஆரம்பித்தார். சக்கரை வியாதி இருக்கா? இல்லை என்றார் மதினி. டெஸ்ட் எடுத்தீர்களா? எனக்கு இருந்தால் எனக்குத் தெரியாதா என்றார் மதினி.

"நீங்க சொன்னா நான் நம்பணுமா?"

மதினி ஊரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை அவரைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கு முன்னால் வாய்க்குள் கை வைக்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படி இறங்கும்போது, "திமிரு பிடிச்சவ" என்றார் மதினி. தெருமுனை வரைக்கும் அதையே சொன்னார். அங்கே வந்ததும் நின்று, "ரத்தம் பாக்குற எடம் எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டார்.

சக்கரை எக்கச்சக்கமாக இருந்தது. மதினி அதை நம்பாமல் வேறு இடத்தில் இன்னொரு தடவை பார்த்தார். அங்கேயும் அதே கதைதான். இரண்டையும் பார்த்த டாக்டர் முகம் மாறிவிட்டது. பல்லை விடுங்கள், இது இப்படியே போனால் கண்ணும் கிட்னியும் போகும், முதலில் இதற்கு ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றார். மதினி முடியாது என்றார். ஏன் என்று கேட்டார் டாக்டர். பல் வேண்டாம், நான் வீட்டுக்குப் போகிறேன் என்று மதினி எழுந்தார். டாக்டர் வழியை மறிக்கவில்லை. ஏன் என்று மட்டும் மறுபடியும் கேட்டார்.

மதினி சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் போன இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அந்தக் கதையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அமுக்கிப் பார்த்தது, மாத்திரை எழுதியது, ரசம் வைத்தது, அண்ணன் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்று சொன்னது. முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் சொன்னார். பல் இல்லாத இடத்தில் காற்றுப் போய் வார்த்தை சிதைந்தது, அதை அவர் கவனிக்கவே இல்லை. "ஒண்ணுமில்லைன்னு சொன்னாக. நானும் சரின்னு கூட்டியாந்துட்டேன்" என்று முடித்தார்.

டாக்டர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"நெஞ்சு வலின்னு வந்த ஆளுக்கு இ.சி.ஜி. எடுக்காம கேஸுன்னு சொல்லக் கூடாது சேச்சி. அது அந்த டாக்டரோட தப்பு. நீங்க நம்புனது தப்பு இல்ல."

மதினி அழுதார். அண்ணன் காரியத்தன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெளியே காத்திருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், நான் கதவைச் சாத்தினேன். எல்லாம் முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சக்கர டாக்டரு யாரு? கேட்டா பதில் சொல்வாரா?" என்றார் மதினி. சொல்வார், சொல்லவில்லை என்றால் எனக்குப் போன் பண்ணுங்கள் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. மதினி டீயில் சீனியை விட்டார். சோற்றைக் குறைத்தார். தோட்டம் வரைக்கும் ஜீப்பில் போகாமல் கடைசி வளைவில் இறங்கி நடந்து ஏறினார். வேலைக்காரப் பெண்களும் அவரோடு நடக்க வேண்டியதாயிற்று, டாக்டரிடம் கூட்டிப்போனவன் என்று அவர்களுக்கு என்மேல் கோபம். சக்கரை இறங்கியது என்று சீட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோதும் பல் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே நிற்கிறதா பார்ப்போம் என்றார். முன்பென்றால் மதினிக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது, "அவ நம்ப மாட்டா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

ஸ்க்ரூ வைக்கிற நாளும் வந்தது. பிரிக்காத பொட்டலத்தை டாக்டர் எங்களுக்குக் காட்டினார். மதினி அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். உள்ளே இருந்த ஸ்க்ரூ நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவு நேர்த்தியான மரையை என் கடையில் நான் பார்த்ததில்லை. நல்லா இருக்கு மதினி என்றேன். மரத்துப்போவதற்கு ஊசி போடும்போது டாக்டர் அவர் தோளைத் தட்டி, "பேடிக்கண்டா" என்றார். மதினி சடாரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பேடியா? நான் காட்டுமாட்டுக்கே பயந்தவ இல்ல. அதுக்கு மேல டா வேறயா?"

மலையாளத்தில் பயப்படாதே என்று அர்த்தம் என டாக்டர் விளக்குவதற்குள் ஊசியோடு அவரும் சிரித்து, நானும் சிரித்து, மதினிக்கும் சிரிப்பு வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு மதினி கண்ணை மூடவே இல்லை. டாக்டர் கை எங்கே போனாலும் கண் பின்னாலேயே போனது. வேலை முடிந்ததும், எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்கச் சில மாதம் ஆகும், பிடித்த பிறகுதான் மேலே பல் என்றார் டாக்டர். "பிடிக்கலன்னா?" என்றார் மதினி, மரத்துப்போன வாயோடு. "எடுத்துட்டு, ஏன் பிடிக்கலன்னு ரெண்டு பேரும் கண்டுபிடிப்போம்" என்றார் டாக்டர்.

பிடித்துவிட்டது. பல்லைப் பொருத்துகிற அன்றைக்கு நான் வழக்கம்போல மூலையில் உட்கார்ந்திருந்தேன். நிறம் பார்த்து, உயரம் பார்த்து, கடிக்கச் சொல்லி, ராவி, மறுபடி வைத்து, வேலை இழுத்துக்கொண்டே போனது. பாதியில் டாக்டர் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உறங்கிப் போயி" என்றார், ரகசியம் போல.

எழுந்து வந்து பார்த்தேன். மதினி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். லேசான குறட்டை. பஸ்சில் போகும்போது தலை சாய்ந்தால்கூட, டிரைவர் தூங்குகிறானா என்று பார்ப்பதற்காக நிமிர்ந்து உட்காருகிற மனுஷி அவர். டாக்டர் எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டார். கொஞ்ச நேரம் விடுங்கள் என்றேன். வெளியே இரண்டு பேர் காத்திருந்தும் அவர் விட்டார்.

இரண்டு பல்லும் வந்த பிறகு மதினி விட்டதற்கும் சேர்த்துக் கேள்வி கேட்டார். தெருவில் யாரும் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அவரிடமிருந்து தப்ப முடியவில்லை. ஜீப்பு டிரைவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

அப்போது எதிர்வீட்டில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவரின் மனைவிக்குக் கடைவாயில் ரெண்டு பல் போயிருந்தது. பயந்த சுபாவம். ஒருநாள் சாயங்காலம் நான் மதினி வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அந்தம்மா வந்தார். மதினியின் பல்லை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, அந்த டாக்டரம்மா நல்லவகளா அக்கா, நம்பிப் போகலாமா என்று கேட்டார். மதினி இப்போது அந்த டாக்டரைப் புகழ்ந்து ஒரு பாட்டே பாடப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"நான் சொல்றேன்னு போகாத" என்றார் மதினி. "நீயே போயி கேளு. மனசுல என்னென்ன சந்தேகம் இருக்கோ அம்புட்டையும் கேளு. மொகத்தச் சுளிச்சா எந்திரிச்சு வந்துரு."

"சுளிக்கலன்னா?"

"வாயத் தெற."